கரிசல் காற்றில் ஓர் அச்சுப்பொறி

கோவில்பட்டியிலிருந்து தெற்கே திருநெல்வேலி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நாலாட்டின்புதூர், இடைசெவல் ஊர்களைத் தாண்டிச் சென்றால் கயத்தாறு வரும். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட இடம் என நாடு அறிந்த ஊர் அது. காற்றியல் அறிஞர்கள் அவ்வூரை வேறொரு காரணத்தாலும் அறிவர். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கத்துச் சரிவுகளிலேயே பொழிந்துவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியே இப்பால் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தம் மிகுந்து சூடேறுகிறது. சூடேற ஏற அதன் ஈரப்பதம் இன்னும் தாழ்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கயத்தாற்றுப் பொட்டல்களில் ஓயாமல் வீசுவது இந்த வறண்ட காற்றே. தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தன் காற்றாலைச் சோதனை நிலையத்தை இங்கே அமைத்ததும் இக்காற்றின் வலிமையை நம்பித்தான்.

காற்றாலையின் இறக்கைகளைச் சுழற்றும் அதே காற்று சாளரத்தின் வழியே வீட்டுக்குள்ளும் நுழைகிறது. அங்கே மேசைமேல் இருக்கும் அச்சுப்பொறியின் மையை உலர்த்துகிறது. கரிசல் மண்ணின் நுண்துகளை அதன் கண்ணாடியில் படியவைக்கிறது. அடுக்கி வைத்த தாளின் ஈரத்தை உறிஞ்சுகிறது. வீட்டில் அச்சுப்பொறி வைத்திருப்போர் சொல்லும் குறைகளுள் பல, நீரும் வெப்பமும் தூசியும் மின்னூட்டமும் கீழ்ப்படியும் இயற்கை விதிகளின் விளைவுகள். அவ்விதிகளை அறிந்தவர் தம் ஊருக்கேற்ற பொறியைத் தேர்ந்தெடுத்து நெடுங்காலம் நலமாக வைத்துக்கொள்ளலாம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டுக்குள் வந்த அலுவலகம்

கரிசல் நாட்டில் வீட்டு அலுவலகம் நடத்துவோர் பல திறத்தினர். முன்னறையில் கணினி வைத்து மனு எழுதித் தருபவர், காப்பீட்டு முகவர், தீப்பெட்டி ஆலைக்குக் கணக்குப் பார்ப்பவர், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி நடத்தும் ஆசிரியை, 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் பொட்டலம் கட்டி வெளியூருக்கு அனுப்புபவர் என அவர்தம் வரிசை நீளும். அச்சிடுதல், வருடுதல், படியெடுத்தல் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய பன்முக அச்சுப்பொறியே இவர்களுக்குப் பொருத்தமானது. மூன்று கருவிகளுக்குரிய இடமும் செலவும் அதில் ஒன்றாகின்றன.

இவர்களுடைய வேலை ஆண்டு முழுதும் ஒரே சீராக வருவதில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் மானாவாரி நிலத்தில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கப்படுகின்றன. அதைத் தொடர்ந்து பயிர்க் காப்பீட்டுக் காலம் வருகிறது. அடங்கல், ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம் எனப் படிகள் கட்டுக்கட்டாகத் தேவைப்படுகின்றன. அறுவடை முடிந்து கோடை பிறந்தபின் அந்தப் பொறியே பல நாள் தொடப்படாமல் கிடக்கிறது. வேலை மிகுந்த மாதங்கள் ஈரமானவை. வேலை குறைந்த மாதங்கள் வறண்டவை. ஈரத்தில் தாள் தொல்லை தருகிறது. வறட்சியில் மை தொல்லை தருகிறது. கரிசல் வட்டாரத்தில் அச்சுப்பொறியை ஆளுவதன் நுட்பம் முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. வீட்டு அச்சுப்பொறிகளின் கையேட்டில் அவை இயங்கத்தக்க வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 35 பாகை செல்சியசு எனவும், ஈரப்பதம் ஏறத்தாழ 20 முதல் 80 விழுக்காடு எனவும் குறிக்கப்பட்டிருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் உள்ள அறை அந்த 35 பாகையை நண்பகலுக்கு முன்பே கடந்துவிடும். அதாவது, நம் வட்டாரக் கோடையில் அச்சுப்பொறி தனக்கு வகுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே நின்று உழைக்கிறது.

துளி பிறக்கும் விதம்

மையைத் தெறித்து எழுதும் பொறிக்கு உயிர்நிலை அதன் அச்சுத்தலை. மாந்தரின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் தடிமன் உடையது. அச்சுத்தலையிலுள்ள புழையின் அகலமோ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. அப்புழையிலிருந்து வெளிப்படும் துளியின் கொள்ளளவு சில பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை இலட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கே ஒரு பிக்கோலிட்டர்.

இத்துளியை வெளித்தள்ள இரு வழிகள் உள்ளன. முதல் வழி வெப்பம். 1977-இல் சப்பான் நாட்டுக் கேனன் நிறுவனத்தின் ஆய்வாளர் இச்சிரோ எண்டோவின் ஆய்வுக்கூடத்தில், மை நிறைந்த ஊசிக்குழலின் ஊசிமீது சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. அத்தெறிப்பின் காரணத்தைத் தேடியதிலிருந்து குமிழித் தெறிப்பு முறை பிறந்தது. புழைக்கு அருகே மிக மெல்லிய மின்தடைப் படலம் இருக்கும். அதில் மின்துடிப்பைச் செலுத்தியதும் அதனை ஒட்டிய மையடுக்கு சில மைக்ரோநொடிகளில் 300 பாகையளவு சூடேறும். ஆவிக்குமிழி ஒன்று வெடித்தெழுந்து தன் முன்னுள்ள மையைத் துளியாகத் தள்ளும். குமிழி அடங்கியதும் பரப்பு இழுவிசை புதிய மையை ஈர்த்துப் புழையை நிரப்பும். எச்.பி. நிறுவனமும் தனியே இவ்வழியைக் கண்டறிந்து 1984-இல் திங்க்ஜெட் என்னும் பொறியைச் சந்தைக்குக் கொணர்ந்தது.

இரண்டாம் வழி அழுத்தமின் விளைவு. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னூட்டம் தோன்றும் என்பதை ழாக் கியூரி, பியேர் கியூரி உடன்பிறப்புகள் 1880-இல் கண்டனர். மறுதலையாக, அத்தகைய பொருளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது நுண்ணிய அளவில் வளையும். மையறையின் சுவரை அவ்வாறு வளைத்து மையைப் பிதுக்கும் முறையை எப்சன் நிறுவனம் கையாளுகிறது. இம்முறையில் மை கொதிப்பதில்லை. ஆதலால் அச்சுத்தலை நீண்ட நாள் உழைக்கிறது.

எண்ணிப் பார்த்தால் இதன் நுட்பம் வியப்பூட்டும். எப்சனின் மைத்தொட்டிப் பொறிகள் சிலவற்றில் 65 மில்லிலிட்டர் கருமைப் புட்டி ஒன்றால் 4,500 பக்கம் அச்சிடலாம் என அந்நிறுவனம் அறிவிக்கிறது. அப்படியானால் ஒரு பக்கத்துக்குச் செலவாகும் மை ஒரு மில்லிலிட்டரில் எழுபதில் ஒரு பங்கு. துளியொன்று 3 பிக்கோலிட்டர் எனக் கொண்டால், ஓர் அடங்கல் படியை அச்சிட ஏறத்தாழ 48 லட்சம் துளிகள் தம் தம் இடத்தில் விழவேண்டும்.

மையை உலர்த்தும் காற்று

தெறிப்பு மையில் பெரும்பங்கு நீர். சாயமோ நிறமித்துகளோ அதில் சிறு பங்கு. விரைந்து உலராதிருக்கக் கிளைக்கால், கிளிசரால் முதலிய ஈரங்காக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. எனினும் புழையின் வாயில் மை காற்றை நேரே தொடுகிறது. நீர் ஆவியாக, எஞ்சிய மை கெட்டிப்படுகிறது. ஆறும் பாலில் ஏடு படிவது போலப் புழைவாயில் ஒரு படலம் படிகிறது. துளியைத் தள்ளும் விசை மிகச் சிறிது; அது இப்படலத்தை உடைக்கமாட்டாமல் தோற்கிறது. எழுத்தின் ஊடே வெள்ளைக் கோடுகள் தோன்றுவது இதனால்தான்.

பொறியை வடிவமைத்தோர் இதற்கு ஒரு காப்பு வைத்துள்ளனர். வேலை முடிந்ததும் அச்சுத்தலை வலப்பக்க மூலைக்கு நகர்ந்து, ரப்பர் மூடி ஒன்றின்மேல் அமர்ந்துகொள்ளும். மூடிக்குள் இருக்கும் சிறிதளவு ஈரம் புழைகளைக் காக்கும். பொறியின் முகப்பிலுள்ள பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் இந்த ஒழுங்கு முறையாக நிறைவேறும். சுவரிலுள்ள மின்விசையைச் சட்டெனத் தட்டி அணைக்கும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. அச்சிடும்போது அப்படி அணைத்தாலோ, மின்தடை ஏற்பட்டாலோ, அச்சுத்தலை பாதி வழியில் திறந்தவாறே நின்றுவிடும். கோடைக் காற்றில் ஓரிரு நாள் அவ்வாறு நின்றால் அடைப்பு உறுதி. மின்சாரம் மீண்டதும் பொறியை ஒருமுறை இயக்கி, பொத்தானால் அணைப்பது நல்ல மருந்து.

அடைப்பின் அளவை அறியப் பொறியிலேயே வழி உண்டு. புழைச் சோதனைத்தாள் ஒன்றை அச்சிட்டால், படிப்படியாக இறங்கும் சிறு கோடுகளின் வரிசை நிறத்துக்கு ஒன்றாக வரும். ஒவ்வொரு சிறு கோடும் ஒரு புழையின் கையொப்பம். விடுபட்ட கோடு அடைபட்ட புழையைக் காட்டும். ஓரிரு கோடுகள் விடுபட்டிருந்தால் தலைத்தூய்மை ஒருமுறை செய்தால் போதும். அதற்குமேல் அடுத்தடுத்துச் செய்வது கேடு. தூய்மை செய்யும்போது பொறி புழைகளின் வழியே மையை உறிஞ்சி, உள்ளே இருக்கும் கழிவுமைப் பஞ்சில் கொட்டுகிறது. அப்பஞ்சு நிறைந்துவிட்டதாகப் பொறியின் கணக்கு காட்டும்போது அச்சிடுதலே நின்றுபோகும். ஆதலால் முதல் தூய்மைக்குப்பின் சில மணிநேரம் பொறுத்து, படிந்த மை இளகியபின் மறுபடி சோதிப்பதே முறை. வாரம் ஒருமுறை எல்லா நிறங்களும் கலந்த ஒரு பக்கத்தை அச்சிட்டுவந்தால், இத்தொல்லை பெரும்பாலும் அணுகாது. அந்த ஒரு பக்கத்துக்குச் செலவாகும் மை ஒரு தூய்மையில் வீணாகும் மையைவிட மிகக் குறைவு.

நீரற்ற எழுத்து

லேசர் என வழங்கும் சீரொளி அச்சுப்பொறியில் நீர் என்பதே இல்லை. அதன் முன்னோடியான உலர்படி முறையை அமெரிக்கரான செசுட்டர் கார்ல்சன் கண்டார். காப்புரிமை அலுவலில் படங்களையும் பக்கங்களையும் படியெடுக்கும் தொல்லை அவரை அத்தேடலில் இறக்கியது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அசுட்டோரியா பகுதியில் வாடகைக்கு எடுத்த சிற்றறையில், துணைவர் ஓட்டோ கோர்னியுடன் அவர் முதல் படியை எடுத்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினர். நாளும் இடமும் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினர். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் அகன்றது. எழுத்தின் நிழலில் அது தங்கியது. நுண்தூளைத் தூவி ஊதியபோது எழுத்து மட்டும் தூளில் நின்றது. மெழுகுத்தாளை அழுத்தி அதை எடுத்தனர். இம்முறையில் இயங்கிய செராக்சு 914 என்னும் படியெடுப்புப் பொறி 1959-இல் வந்தது. செராக்சு நிறுவனத்தின் கேரி சுடார்க்குவெதர், ஒளி பாய்ச்சும் வேலையைச் சீரொளிக் கற்றைக்குக் கொடுத்து அச்சுப்பொறியாக்கினார்.

இன்றைய வீட்டுப் பொறியிலும் இதே படிகளே நிகழ்கின்றன. உருளையில் மின்னூட்டம், சீரொளி எழுதும் மறைவடிவம், அதில் ஒட்டும் தூள், தாளுக்கு மாற்றம், இறுதியாக ஏறத்தாழ 200 பாகைச் சூட்டில் உருக்கிப் பதித்தல். தூள் என்பது நிறமி கலந்த நெகிழிப்பொடி. ஆறு மாதம் தொடாமல் வைத்தாலும் உலர்வதற்கு அதில் ஒன்றுமில்லை. கோடை முழுதும் பொறி சும்மா கிடக்கும் வீட்டுக்கு இது பெரும் நன்மை.

இதற்கும் எல்லைகள் உண்டு. உருக்கும் உருளைக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். மையுடைய பொறி அச்சிடும்போது 10, 20 வாட் அளவில் அடங்கிவிட, சீரொளிப் பொறியோ சில நூறு வாட் கேட்கும். சூடேறும் கணத்தில் அது ஆயிரத்தை நெருங்கக்கூடும். கணினிக்கென வைத்த சிறிய மின்காப்புப் பெட்டி இதைத் தாங்காது. காற்றாலைகள் சூழ்ந்த ஊராயினும் மின்தடை வரும் வேளையில் மைப்பொறிதான் வேலை செய்யும்.

பத்திரங்களை நெகிழி உறையில் இட்டுப் பெட்டிக்குள் வைப்பது நம் வழக்கம். உறை மலிவான பி.வி.சி. வகையாயின், அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் மெல்லக் கசிந்து சீரொளித் தூளை இளக்கும். சில ஆண்டுகள் கழித்து உருவினால், எழுத்துகள் தாளை விட்டு உறையில் ஒட்டிக்கொண்டு வரும். இடையில் ஒரு வெற்றுத்தாளை வைத்தாலே இக்கேடு நீங்கும். மைப்பொறியின் சாயமைக்கு வேறொரு பலவீனம்: தண்ணீர் பட்டால் பரவும், வெயிலில் வெளிறும். நிறமித்துகள் மை இரண்டையும் நன்கு தாங்கும். கடலைமிட்டாய்ப் பொட்டலத்தின் முகவரித்தாள் மழையில் நனைந்தாலும் படிக்கும்படி இருக்கவேண்டுமாயின், கருப்பு மை நிறமித்துகள் வகைதானா என்று கேட்டு வாங்கவேண்டும்.

கண்ணாடியும் மெய்ப்புள்ளியும்

பன்முகப் பொறியின் மேற்பகுதி வருடி. பெரும்பாலான வீட்டு வருடிகளில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளியுமிழ் விளக்குகள் மாறிமாறி ஒளிர, உணரிகளின் வரிசை கண்ணாடிக்குக் கீழே ஊர்ந்து சென்று தாளை வரிவரியாகப் படிக்கிறது. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் நுணுக்கத்தில் வருடினால், 2,480 பெருக்கல் 3,508 என ஏறத்தாழ 87 லட்சம் படப்புள்ளிகள் கிடைக்கும்.

தமிழ் எழுத்துக்கு இந்த நுணுக்கம் இன்றியமையாதது. சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுடையது. 300 நுணுக்கத்தில் அதன் குறுக்கே நான்கைந்து படப்புள்ளிகள் விழும். புள்ளி தெளிவாகத் தெரியும். 100 நுணுக்கத்தில் ஒன்றோ இரண்டோதான் விழும். கோப்பைச் சுருக்கும்போது அதுவும் கரைந்துபோகும். மெய் உயிர்மெய்யாகத் தோன்றும். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் திரியும். இணையத்தில் மனு ஏற்றும்போது கோப்பின் அளவு குறையவேண்டும் என்று கேட்பார்கள். அப்போது பலரும் நுணுக்கத்தைக் குறைக்கிறார்கள். முதலில் குறைக்கவேண்டியது நிறத்தை. வண்ணப்படத்தைச் சாம்பல்நிறப் படமாக்கினாலே, சுருக்குவதற்கு முந்தைய அளவு மூன்றில் ஒன்றாகிவிடும். கருப்பு வெள்ளையாக மட்டும் வைத்தால் இருபத்து நான்கில் ஒன்றாகும். எழுத்து அப்படியே நிற்கும்.

கரிசல் மண்ணின் களித்துகள் 2 மைக்ரோமீட்டருக்கும் நுண்ணியது. கோடை உழவிலும் வண்டித்தடத்திலும் எழும் புழுதி இத்தகைய துகள்களின் திரள். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் அமைப்புடைய பொறியில், உணரி ஓரிடத்தில் நிற்க, தாள் அதன்மேல் நகர்கிறது. அந்தக் குறுகிய கண்ணாடிப் பட்டையில் ஒரு துகள் ஒட்டினால், நகரும் தாளின் எல்லா வரியிலும் அத்துகளே படிக்கப்பட்டு, படியில் மேலிருந்து கீழ்வரை ஒரு கருங்கோடு விழும். அதே தாளைப் பெரிய கண்ணாடியில் வைத்து எடுத்தால் கோடு மறைந்துவிடும். இவ்வாறு ஒப்பிட்டே குறை எங்குள்ளது என்று கண்டுகொள்ளலாம். கண்ணாடிப் பட்டையை மென்துணியால் துடைத்தால் தீரும் இக்குறைக்காகப் பொறியைப் பழுதுபார்க்கத் தூக்கிச் செல்வோர் உண்டு.

தாளின் தாகம்

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு தாள் செய்கிறது. சக்கையாயினும் மரமாயினும், தாளின் உடல் செல்லுலோசு இழைகளால் ஆனது. அவ்விழைகள் நீர்மூலக்கூறுகளை விரும்பிப் பிடிப்பவை. ஐப்பசி மழையில் தாள் ஈரத்தை வாங்கி, இழைகள் குறுக்கே பருக்க, ஓரங்கள் நெளிகின்றன. உருளைகளுக்கிடையே தாள் சிக்குகிறது. சீரொளிப் பொறியில் ஈரத்தாள் மின்னூட்டத்தைக் கசியவிடுவதால் தூள் சரிவரப் பற்றாமல் எழுத்து வெளிறுகிறது. கோடையிலோ தாள் மிக உலர்ந்து, உராய்வில் மின்னூட்டம் ஏறி, இரண்டு மூன்று தாள்கள் ஒட்டியபடி உள்ளே செல்கின்றன. கட்டைப் பிரித்தபின் எஞ்சிய தாளை அதன் மெழுகுறையிலேயே மடித்து வைப்பதும், தட்டில் இடுமுன் விசிறி உதறுவதும், அன்றைய தேவைக்கு மட்டும் தட்டில் வைப்பதும் இரு பருவத்துக்கும் பொருந்தும் முறைகள்.

எதைத் தேர்வது

அச்சுச் செலவை ஒப்பிட உலகத் தர அமைப்பு நெறிகள் வகுத்துள்ளது. ஒற்றைநிறத் தூள்பெட்டிக்கு ஐ.எஸ்.ஓ. 19752, மைப்பெட்டிக்கு ஐ.எஸ்.ஓ. 24711. கடைக்காரர் ஆயிரம் பக்கம் என்று சொன்னால், எந்த நெறிப்படி என்று கேட்கவேண்டும். பெட்டி அல்லது புட்டியின் விலையை அப்பக்கங்களால் வகுத்துப் பார்க்கவேண்டும். பொறியின் விலை ஒருமுறை கொடுப்பது. பக்கத்தின் விலை என்றும் கொடுப்பது. மைப்பெட்டியை மாற்றும் மலிவான பொறிகள் இக்கணக்கில் தோற்பதால்தான், 2010-இல் இந்தோனேசியாவில் எப்சன் அறிமுகம் செய்த மைத்தொட்டி முறை இந்தியச் சிற்றூர்களிலும் வேரூன்றியது.

வாரந்தோறும் அச்சிடுபவர், வண்ணம் தேவைப்படுபவர், மின்தடையிலும் வேலை ஓடவேண்டியவர் ஆகியோர்க்கு மைத்தொட்டிப் பொறி பொருந்தும். பருவத்துக்கு மட்டும் வேலை வந்து, எஞ்சிய மாதங்களில் பொறியை மூடிவைப்பவர்க்கும், கருப்பெழுத்து மட்டும் போதும் என்பவர்க்கும் ஒற்றைநிறச் சீரொளிப் பொறியே தக்கது. எதுவாயினும் அதை மேற்குச் சாளரத்துக்கு நேரே வைக்கலாகாது. வெப்பம் தணிந்தபின் துணியால் மூடவேண்டும்.

அச்சுப்பொறியை விற்கும் நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. வறண்ட காற்றும் புழுதியும் மின்தடையும் உடைய ஊர்களில் பொறியைக் காக்கும் முறையைத் தமிழில், பெட்டிக்குள்ளேயே, படங்களுடன் எழுதித் தரவேண்டும். நம் தொழிற்பயிற்சி நிலையங்களும் அச்சுத்தலையையும் வருடியையும் கழற்றிக் காட்டி, அவற்றின் இயற்பியலை மாணவருக்கு விளக்கவேண்டும். ஒரு ரப்பர் மூடியின் பயனை அறிந்த இளைஞர் ஒருவர் ஊருக்கு ஒருவராக இருந்தால், கரிசல் வீடுகளில் அகாலமாகக் குப்பைக்குப் போகும் பொறிகள் பல காக்கப்படும். காப்பீட்டுக் கடைசி நாளில் படியெடுக்க வழியின்றி உழவர் நிற்கும் நிலையும் குறையும்.